மூன்றாவது பாட்டில் என் விசில்

ஜூலை 11, சனி

இதனால் சகல பொதுமக்களுக்கும், குறிப்பாக இந்த நோட்டைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ள என் அக்காவுக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை ஏழே முக்கால் மணியளவில், தூத்துக்குடியில் எங்கள் வீட்டு ஹால் ஷோகேஸில் வீற்றிருந்த, புல்லாங்குழல் ஜாதியைச் சேர்ந்த ஆறு துளைத் தகர விசில் ஒன்று அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டு, சமையலறையில் தோசைக்கரண்டிக்கும் டீ வடிகட்டிக்கும் நடுவே இடமாற்றம் செய்யப்பட்டது. உத்தரவிட்டவர் அம்மா. காரணம் கேட்டதற்கு, "சும்மாதான கெடக்கு அந்தப் பீப்பி" என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

பொதுமக்கள் அமைதி காக்கவும். நான் காக்கப்போவதில்லை.

என் பெயர் ரோஷன். பதினோராம் வகுப்பு. ரோஷம் பெயரிலேயே இருக்கிறது, கடைசி எழுத்தை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்பா கப்பலில் வேலை, டிசம்பரில்தான் வருவார். அக்கா மெல்பா மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இங்கே பிடிக்கிற கணவாய் மீன் ஐஸாக உறைந்து ஸ்பெயினில் வீகோ என்ற துறைமுகத்துக்குப் போகிறது. வாங்குகிறவர்களோடு போனில் பேசிப் பேசி மெல்பா ஸ்பானிஷ் படித்துவிட்டாள். தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பைப் ஊதுவது ஸ்காட்லாந்துக்காரர்கள் மட்டும் என்று நினைத்திருந்தேன். வீகோக்காரர்களும் ஊதுவார்களாம், அந்த மூலையும் ஸ்காட்லாந்து மாதிரி கெல்டிக் என்ற பழைய இனத்து வகையறாதானாம். கணவாய் போன வழியில் பாட்டு திரும்பி வந்தது. விளைவு, தூத்துக்குடியில் ஒரு கெல்டிக் ராக் குழு. பாடுவது ஸ்பானிஷில். குழுவின் பெயர் 'கணவாய்'. பெயர் வைத்தவன் நான்.

முதல் ஆல்பத்துக்குப் பெயர் 'சால்'. ஸ்பானிஷில் உப்பு. நான் 'சால்னா' என்று வைக்கச் சொன்னேன். ஓர் எழுத்து கூடினால் இரண்டு புரோட்டா கூட இறங்கும். யாரும் கேட்கவில்லை. மொத்தம் எட்டுப் பாட்டு. வீகோவில் மார்த்தா என்ற அம்மாள் சின்னதாக ஓர் இசைக் கம்பெனி நடத்துகிறாள். ஜூலை 31க்குள் எட்டும் அவள் கைக்குப் போனால் செப்டம்பரில் வெளியிடுவாள். போகவில்லை என்றால் அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிடுவாள். மெல்பா மூன்று வருஷமாக இதற்காகத்தான் மூச்சு விடுகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது பாட்டில் என் விசில் எட்டு வரி இருந்தது. (மூன்றாவது பாட்டில் என்றதும் டாஸ்மாக் பக்கம் கிளம்பியவர்கள் தயவுசெய்து திரும்பி வரவும்.) ஒரே மூச்சில், ஒரே தடவையில் ஊதினேன். டிரம்ஸ், கிடார் இரண்டும் வாசிக்கும் காட்வினே கண் கலங்கினான். அந்த எட்டு வரியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பைப்பைப் போடப்போகிறார்கள்.

பை வந்தது. பையன் போனான்.

ஜூலை 12, ஞாயிறு

பூசை முடிந்து காட்வின் வீட்டு மாடியறைக்குப் போனோம். அதுதான் எங்கள் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்திருக்கிறான். ஃபேன் போடக்கூடாது, சத்தம் பதிவாகிவிடும். ஜூலை மாதத் தூத்துக்குடியில் மெத்தைக்கு நடுவே ஃபேன் இல்லாமல் நான்கு பேர். இட்லி கூட இதைவிட நிம்மதியாக வேகும்.

நான்காவது ஆள் சுடலைமுத்து. ஆயுதப்படைப் போலீஸ். போலீஸ் பேண்டில் பைப் ஊதுகிறவர். சுதந்திர தின அணிவகுப்பில் அவர் ஊதுவதைக் கேட்டுவிட்டு மெல்பா நேராகப் போய் "எங்க கூட வாசிப்பீங்களா அண்ணே" என்று கேட்டாளாம். அவரும் சொந்தமாக ஒரு பழைய பைப் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆறடி மனிதர், மீசை மட்டும் தனியாக ஓரடி.

"வாங்க ஏட்டய்யா. பைப்படியில இன்னைக்குத் தண்ணி வருமா?" என்றேன்.

"இன்னும் ஏட்டு ஆகலடே, அதுக்கு ஆறு வருஷம் கெடக்கு. நீ சொல்லிச் சொல்லியே சீக்கிரம் ஆகும்னா தெனமும் சொல்லு."

கோபப்பட மாட்டேன் என்கிறார். கோபப்படாத ஆளிடம் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.

மெல்பாவிடம் கேட்டேன். "மூணாவது பாட்டுல எதுக்கு பைப்பு? அதென்ன அணிவகுப்பா?"

"ஏலே, அதப் பேசி முடிச்சாச்சு. நீதானல சொன்னே..."

"நான் ஒண்ணும் சொல்லல."

"மூணு தடவ கேட்டேன்ல ரோஷன்."

எழுந்து வந்துவிட்டேன். கதவை ஓங்கிச் சாத்தினேன். அந்தக் கதவிலும் மெத்தை ஒட்டியிருக்கிறது. எவ்வளவு ஓங்கினாலும் 'பொத்' என்றுதான் கேட்கும். கோபத்தில் சாத்துகிற கதவுக்குக்கூட மரியாதை இல்லாத இடம்.

ஜூலை 14, செவ்வாய்

பள்ளி அறிவிப்புப் பலகையில், "நாளை முதல் பதினோராம் வகுப்பு மாணவர்கள் வலது காலை முதலில் வைத்து வகுப்புக்குள் வர வேண்டும். இப்படிக்கு, நிர்வாகம்" என்று அச்சடித்து ஒட்டினேன். ஐம்பத்திரண்டு பேர் வலது காலை வைத்தார்கள். இயற்பியல் வாத்தியாரும் வைத்தார். மூன்றாவது பீரியட் முழுக்க நான் முட்டி போட்டேன். இரண்டு முட்டியும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன, வலது இடது பேதமில்லை.

ஊரே என் பேச்சைக் கேட்கிறது. வீட்டில் ஒருத்தி கேட்கவில்லை.

ஜூலை 16, வியாழன்

ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை. வெறும் பையோடு திரும்பும் வழியில் காட்வின் வீட்டில் எட்டிப் பார்த்தேன். சுடலை அண்ணன் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார். பைப்பின் அடியில் ஒரு குழல் இருக்கிறது, அதில்தான் விரல் வைத்து ராகம் வாசிப்பது. அந்தக் குழலின் துளைகளில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது, எலக்ட்ரீஷியன் வைத்திருப்பாரே அந்த டேப்.

"என்ன, பஞ்சரா?" என்றேன்.

காட்வின் பெரிய பேராசிரியர் மாதிரி விளக்கினான். பைப்பின் சுரம் பைப்புக்கு மட்டும்தான் ஒத்துப்போகுமாம். போலீஸ் பேண்டில் பத்துப் பைப்பும் சேர்ந்து ஊதுவதால் அங்கே தொந்தரவு இல்லை. கிடாரோடும் குரலோடும் சேர வேண்டுமென்றால் துளையைக் கொஞ்சம் கொஞ்சம் மறைத்து வழிக்குக் கொண்டுவர வேண்டும். எந்தத் துளையில் எவ்வளவு மறைப்பது என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனதாம்.

"ஒரு நெல்லு மொன அளவு ஏறினாலும் போச்சுடே. தொட்டுறாத," என்றார் சுடலை அண்ணன்.

தொடவில்லை. தொட வேண்டாம் என்று சொன்னவர் யார் என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஜூலை 18, சனி

தண்ணீர் லாரி வந்தது, ஏழு குடம் தூக்கினேன். மெல்பாவின் இரண்டு சுடிதாரை இஸ்திரி போட்டேன். வெங்காயம் உரித்தேன். நன்றி சொல்ல ஆளில்லை. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: நாளைக்கு ஞாயிறு, நாளைக்குப் பைப் பதிவு. இருபத்தாறாம் தேதி மாதா கோயில் கொடியேற்றம், அதன் பிறகு திருவிழா பந்தோபஸ்து. போலீஸ்காரருக்கு லீவே கிடையாது. நாளை ஒரு நாள்தான். மெல்பா குரல், காட்வின் கிடார் எல்லாம் பதிவாகிவிட்டது. அதன் மேல் பைப் ஏறினால் வேலை முடிந்தது.

"ரோஷன், நீயும் வால," என்றாள் மெல்பா. "பாத்துட்டு இரு."

பார்த்துட்டு இரு. எட்டு வரி ஊதியவன் பார்த்துட்டு இருக்க வேண்டும். பார்க்கிறேன்.

ஜூலை 19, ஞாயிறு

காலை எட்டரைக்கு எல்லோரும் கீழே இட்லி சாப்பிடப் போனார்கள். எனக்குப் பசியில்லை. மேலேயே இருந்தேன். மேற்கொண்டு விவரம் அரசு ரகசியம்.

ஒன்பது மணிக்குத் தொடங்கினார்கள். முதல் பாட்டில் பைப் கீழே போகும்போது தேன். மேலே ஏறுகிற இடத்தில், மெல்பாவின் குரலும் பைப்பும் சேர்கிற இடத்தில், எலுமிச்சம்பழம் பிழிந்த பால். காட்வின் நிறுத்தினான். சுடலை அண்ணன் ரீடைக் கழற்றிப் பார்த்தார் (நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ பைப்புக்கு அது). மறுபடி ஊதினார். அதே இடம். ரீடை மாற்றினார். அதே இடம். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. அவருடைய சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது ரீடைக் கத்தியால் சீவினார், அது பிளந்தது.

"எம் பைப்புலதான் என்னமோ கோளாறு," என்றார்.

"ரீடு மாத்தியும் அதே எடத்துலதான இடிக்கி," என்றாள் மெல்பா. ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "பைப்புல கோளாறுன்னா ரீடு மாத்தினதும் மாறியிருக்கும்லா அண்ணே."

ஐந்து மணிக்கு அவர் ரோல்காலுக்கு, அதாவது போலீஸ் அட்டென்டன்ஸுக்கு, போய்விட்டார். ஒரு பாட்டுக்கூட முடியவில்லை.

ஜூலை 20, திங்கள்

சரி, சொல்லிவிடுகிறேன். இது என் நோட்டு. வரலாற்றுக்கு உண்மை தேவை.

இரண்டு டேப். மேல் சுரத்துக்கான துளைகள் இரண்டில் இருந்ததை உரித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன அதே கறுப்பு டேப்பை, அதே நீளத்தில், அரை நெல் மேலே ஏற்றி ஒட்டினேன். மூன்று நிமிடத்தில் முடிந்த வேலை. பார்த்தால் தெரியாது. ஒரு போலீஸ்காரரை எட்டு மணி நேரம் நானிருந்த இடத்திலிருந்தே சுற்றலில் விட்டேன். இதற்குச் சுத்தமான கை வேண்டும். யாராவது சரித்திரம் எழுதினால் என் விரல்களைப் பற்றித் தனி அத்தியாயம் வரும்.

ஒரு வேடிக்கைதானே. அடுத்த ஞாயிறு சரிசெய்துவிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு இருபத்தாறாம் தேதி. எனக்குத் தெரியும், சொல்லத் தேவையில்லை.

ஜூலை 21, செவ்வாய்

மெல்பா குளிக்கும்போது பாடவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

ஜூலை 23, வியாழன்

உயிரியல் செய்முறை நோட்டில் தவளைக்கு மீசை வரைந்தேன். டீச்சர் கண்டுபிடிக்கவில்லை. சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் காட்வின் வந்தான். அவனும் மெல்பாவும் ஹாலில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அதே இடத்தைப் போட்டுக் கேட்டார்கள். நான் அடுத்த அறையில் இருந்தேன். சுவருக்கு மெத்தை இல்லை, எல்லாம் கேட்டது.

"ஒன் கொரலுன்னும் சொல்ல முடியல, பைப்புன்னும் சொல்ல முடியல," என்றான் காட்வின். "போன்ல இருக்க சுருதி மெஷினு பைப்ப எப்பவுமே தப்புன்னுதான் காட்டும். அத நம்ப முடியாது."

"ரெண்டு ரீடு மாத்தியாச்சு காட்வின். அவரு ஒம்பது வருஷமா ஊதுதாரு. நான் என்ன படிச்சேன்? கோயில்ல கோரஸ் பாடினேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுப் பாடையில கொரலு எங்கயோ போயிருக்கு, எனக்கே தெரியல. அதான் பயமா இருக்கு. தப்பாப் பாடுறது பெருசில்ல. தப்புன்னு காதுக்கு வெளங்கலன்னா அப்புறம் நான் எதுக்குப் பாடணும்?"

போன் வந்தது. சுடலை அண்ணன். மெல்பா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மெல்பா, தப்பு எம் பைப்புலதான். நீ மனசப் போட்டுக் குழப்பாத."

"எனக்காகச் சொல்லுதீங்க."

"இல்லம்மா, நெசமாத்தான்."

"அப்ப என்ன கோளாறுன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் இரண்டு தடவை செருமினார். பிறகு, "கண்டுபிடிச்சிருவேன்," என்றார்.

எனக்கு அந்த ஆள் மேல் அப்படி ஓர் எரிச்சல். இவ்வளவு பெரிய மீசை வைத்துக்கொண்டு ஒரு டேப்பைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. காட்வின் மேலும் எரிச்சல். ஊரில் இருக்கிற வயரையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறான், காது மட்டும் வாங்கவில்லை. மெல்பா மேல்தான் அதிகம். யாராவது நீ தப்பு என்று சொல்வதற்கு முன்பே நான்தான் தப்பு என்று போய் நிற்கிறவள். இப்படி ஓர் அக்கா இருந்தால் ஒரு மனிதன் எப்படி நிம்மதியாகக் குறும்பு செய்வது?

ஜூலை 25, சனி

அம்மா: "அவ ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. ஒனக்கு ஏதும் தெரியுமா?"

நான்: "எனக்கு என்ன தெரியும்?"

அம்மா: "ஒனக்கு என்ன தெரியும்னுதான் கேக்கேன்."

தட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். காக்காவிடம் கத்தினேன். அது திருப்பிக் கத்தியது. வீட்டில் என்னோடு சமமாகச் சண்டை போட அது ஒன்றுதான் மிச்சம்.

ஜூலை 26, ஞாயிறு

கொடியேற்றம். ஊரே கோயில் முன்னால் இருந்தது. கயிறு கட்டிக் கூட்டத்தைப் பிரிக்கிற இடத்தில் சுடலை அண்ணன் நின்றார். காலை நான்கு மணியிலிருந்து நிற்கிறாராம். அம்மா கொடுத்துவிட்ட மோரை நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்தார். பைப் ஊதுகிறவருக்கு மூச்சுக்கா பஞ்சம்.

"மெல்பா வரலையா?"

"வீட்டுல இருக்கா. பாடுறத விட்டுட்டா."

"விட்டுட்டான்னா?"

"ஸ்பெயின்காரிக்கு வேண்டாம்னு எழுதப்போறாளாம். தான் பாடுறது தப்புன்னு அவளுக்குத் தெரியலையாம், அதனால தகுதி இல்லையாம்."

சொம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பின்னால் இருந்த கூட்டம் கயிற்றைத் தள்ளியது, முதுகாலேயே தாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"ஒனக்கு ஏதும் சொல்லணுமாடே?"

"எனக்கா? இல்லையே."

"சரி. கயித்துக்கு அந்தப் பக்கம் போயி நில்லு. நசுங்கிருவ."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். கொடி ஏறியது. வாண வேடிக்கை, வெடி, கைதட்டல். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் ஒரு லட்சம் பேர் இருந்தார்கள், ஒருத்தர்கூட அதற்குத் தோதாக இல்லை.

ஜூலை 28, செவ்வாய்

கடிதத்தை எழுதிவிட்டாள். நாளை ஒரு நாள் பார்த்துவிட்டு வியாழன் காலை அனுப்பப்போகிறாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். ஏன் எனக்கு? வீட்டில் ஸ்பானிஷ் கொஞ்சமாவது கேட்டுப் பழகியவன் நான்தானாம்.

அந்தக் கடிதத்தில் எனக்கு விளங்கியது ஒரே வார்த்தை. பெர்தோன். மன்னிக்கவும்.

அவள் கேட்கிறாள். அவள்.

"நல்லா இருக்கால?" என்றாள்.

"கேவலமா இருக்கு," என்று கத்தினேன். "எதுக்கெடுத்தாலும் நீயே மன்னிப்பு கேளு. ஊர்ல மழ பெய்யலன்னாலும் நீயே கேளு. போ, அனுப்பு, எனக்கென்ன."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "மோட்டாரப் போடுல, தொட்டி காலியா கெடக்கு," என்றாள். போட்டேன். தொட்டி நிறைந்து வழிந்து மாடிப்படி வழியாக ஓடி வரும் வரை அணைக்காமல் அங்கேயே நின்றேன்.

ஜூலை 29, புதன்

இன்றைய தேதியைப் பொன்னெழுத்துகளில் பொறிக்கலாம். பேனா நீலம்தான், சமாளித்துக்கொள்ளுங்கள்.

மதியம் இரண்டு மணி. சுடலை அண்ணன் தன் நைட் டியூட்டியை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, பைப் பெட்டியோடு காட்வின் வீட்டுக்கு வந்தார். மெல்பாவையும் வரச்சொல்லியிருந்தார். அவள் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, வேண்டாவெறுப்பாக வந்து மெத்தைச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அப்போது நான் எழுந்தேன். டிரம்ஸ் ஸ்டூலின் மேல் ஏறி நின்றேன். "அனைவரும் கேளுங்கள்," என்றேன். "குற்றவாளி உங்கள் நடுவே இருக்கிறான். டேப்பை மாற்றியது நான். என் அக்காவின் குரல் சுத்தம். அவளுடைய காதும் சுத்தம். தண்டனை எதுவாக இருந்தாலும் ஏற்கிறேன்." கணீரென்று சொன்னேன். அறையில் அப்படி ஓர் அமைதி. காட்வின் வாயைப் பிளந்தான். சுடலை அண்ணன் முன்னால் வந்து என் கையைக் குலுக்கி, "ஆம்பளடே நீ," என்றார். மெல்பா என்னைக் கட்டிக்கொண்டாள்.

டேப்பைப் பழைய இடத்தில் ஒட்டினோம். மேல் சுரத்தில் பைப்பும் குரலும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன, இரண்டு பேர் ஒரே பைக்கில் ஏறுகிற மாதிரி. சாயங்காலம் ஏழு மணிக்குள் ஐந்து பாட்டுக்குப் பைப் முடிந்தது. மற்ற மூன்றில் பைப்பே இல்லை. ஆக, ஆல்பத்தைக் காப்பாற்றியவன் யார் என்று பின்னால் யாராவது கேட்டால், இந்தப் பக்கத்தைக் காட்டவும்.

ஜூலை 30, வியாழன்

காட்வின் இரவெல்லாம் உட்கார்ந்து சரிபார்த்தான். நான் அவனுக்கு மூன்று தடவை டீ வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை. கேட்கவுமில்லை.

ஜூலை 31, வெள்ளி

மதியம் மூன்று பத்துக்கு எட்டுப் பாட்டும் வீகோவுக்குப் போய்ச் சேர்ந்தன. மார்த்தா உடனே போன் செய்தாள். ஸ்பானிஷில் படபடவென்று ஏதோ சொன்னாள், மெல்பா சிரித்தாள். பன்னிரண்டு நாளில் முதல் சிரிப்பு. மூன்றாவது பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டாளாம் அந்த அம்மாள். துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருப்பவளைப் பற்றிய பாட்டு. பைப் நுழைகிற இடத்தில் கையில் மயிர்க்கூச்செறிந்ததாம்.

ஆமாம், நானும் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. போதுமா?

ஆகஸ்ட் 1, சனி

எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் புதன்கிழமைப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் காது சுடுகிறது. அதைக் கிழித்தால் பின்பக்கத்தில் இருக்கிற செவ்வாய்க்கிழமையும் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஸ்டூலில் ஏறவில்லை. நான் எதுவுமே சொல்லவில்லை.

நடந்தது இதுதான். சுடலை அண்ணன் பெட்டியைத் திறந்தார். குழலை எடுத்து, அந்த இரண்டு டேப்பையும் நகத்தால் உரித்தார். அடியில் பழைய டேப்பின் பசைக்கோடு அப்படியே இருந்தது. பழைய கோட்டுக்கும் புது டேப்புக்கும் நடுவே அரை நெல் இடைவெளி, குருடனுக்கும் தெரியும். பத்தொன்பதாம் தேதி இரவே குவாட்டர்ஸில் துடைக்கும்போது பார்த்துவிட்டாராம். டேப் உருளையை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஒட்டுடே," என்றார். "எடம் ஒனக்குத்தான் தெரியும்."

ஒட்டினேன். முதல் தடவை கோணலாகப் போனது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவைக்குள் என் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது, டேப்பில் விழாமல் பார்த்துக்கொண்டேன். மெல்பா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலை அண்ணன் அந்த இரண்டு சுரத்தையும் ஊதினார். காட்வின் அவளுடைய பாட்டைப் போட்டான். இரண்டும் ஒன்றாகப் போயின. மெல்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியம்: "இந்த டேப்பு நல்ல கம்பெனி இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. கட்டிக்கொள்ளவுமில்லை. "பத்து நாளுல," என்றாள் மெல்பா. அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து என்னோடு பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம், இரண்டும் தண்ணீர் மோட்டாரைப் பற்றி.

கிளம்பும்போது சுடலை அண்ணனிடம் கேட்டேன், தெரிந்தும் ஏன் என்னைக் கேட்கவில்லை என்று.

"நாங்க கேட்டா செய்யாதவனும் ஒத்துக்கிடுவான்டே," என்றார். "அது எனக்கு ஆபீஸ்லயே போதும். நீயா சொல்லுவன்னு பாத்தேன். அவ பாட்ட விடுவான்னு நெனைக்கல. அது எந் தப்பு."

அவரும் தன்னுடைய தப்பு என்கிறார். இவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு எனக்கு மிச்சமே வைக்க மாட்டார்கள் போல.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் எழுதிவிட்டால் நோட்டை மூடிவிடலாம்.

ஒரே தடவையில் ஊதவில்லை. நாற்பத்தொரு தடவை ஊதினேன். எட்டாவது வரியின் கடைசியில் சட்டென்று மேலே ஏறித் திரும்புகிற இடம் ஒன்று இருக்கிறது. நாற்பத்தொரு தடவையும் அங்கே விசில் கிறீச்சிட்டது. காட்வின் கண் கலங்கியது உண்மை. ஃபேன் இல்லாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கலங்கும். "இன்னொரு நாள் பாப்போமால?" என்றாள் மெல்பா. தூக்கிடு என்றேன். "நெசமாவா?" என்றாள். தூக்கிடு என்றேன். மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, "எனக்கு இந்தப் பாட்டே பிடிக்கல," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முடியவில்லை என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அதன் பிறகுதான் பைப்பைப் போட்டார்கள்.

இன்று மத்தியானம் அம்மாவும் மெல்பாவும் திருவிழாக் கடைக்குப் போயிருந்தார்கள். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு அந்த இடத்தை ஊதிப் பார்த்தேன்.

வரவில்லை.